இரண்டு தட்டு

டீ இடைவேளையில் மச்சினன் சொன்ன ஏதோ கிண்டலுக்குச் சிரித்தபடி, அவன் தன் கையில் இருந்த சுத்தியலால் டேங்கின் வயிற்றில் ஒரு முறை தட்டினான். வேண்டுமென்று தட்டவில்லை. வாரம் முழுக்கப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டிப் பழகிய கை, தானாகப் போய்விட்டது.

உள்ளிருந்து இரண்டு தட்டு பதிலாக வந்தது. தெளிவாக, அவசரமில்லாமல், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் இடைவெளியோடு.

உள்ளே இருக்க வேண்டிய ஆள் மச்சினன்தான். அவனோ எதிரில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

"கேட்டுச்சா மாப்ள?"

"சூடு ஆறுது மாமா. காலையிலேர்ந்து உள்ள உட்கார்ந்து பத்த வெச்சிருக்கேன்ல. தகடு சொடக்கு எடுக்குது." மச்சினன் தன் விரல்களையும் ஒரு முறை நெட்டி முறித்துக் காட்டினான். "நமக்கு மட்டும்தான் உடம்பு வலிக்குமா?"

அவன் சிரிக்க முயன்றான். சுத்தியலை மெல்லக் கீழே வைத்தான், சத்தம் வராமல்.

அந்தத் தொழிற்சாலையில் லாரிகளின் முதுகில் ஏற்றும் நீளமான டேங்குகளைச் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் வரிசையாக மூன்று அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு, அதில் ஆள் நெளிந்து போகும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே போகவும் வெளியே வரவும் முன்பக்கம் ஒரே ஒரு வாய். வெல்டர்கள் இரண்டு இரண்டு பேராக வேலை செய்தார்கள். ஃபோர்மேன் அறைச் சுவரில் ஓர் அட்டைச் சக்கரம் ஆணியடித்து மாட்டியிருக்கும். திங்கள்கிழமை காலையில் அவர் அதை ஒரு கட்டம் திருப்புவார். ஒருவனுக்கு உள் வாரம் என்றால் அவனுடைய ஜோடிக்கு வாய் வாரம். அடுத்த வாரம் மாற்றி. மூன்றாவது வாரம் இருவரும் வெளியே, தகட்டின் ஓரங்களைத் தேய்க்கும் அரவை மெஷினில்.

வாய் வாரத்தில் வேலை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காற்று உறிஞ்சும் விசிறியின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஒரு தட்டு. உள்ளே இருப்பவன் இரண்டு தட்டினால் நலமாக இருக்கிறான் என்று அர்த்தம்; ரிஜிஸ்டரில் ஒரு டிக். பதில் வராவிட்டால் விசில் ஊத வேண்டும். நான்கு பேர் ஓடி வருவார்கள். காரணம் ஆர்கான் வாயு. வெல்டிங்குக்கு அது வேண்டும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, காற்றைவிடக் கனம். விசிறி சரியாக உறிஞ்சாவிட்டால் தண்ணீர் போல அடியில் தேங்கி மெல்ல மேலே ஏறும். மூச்சு முட்டாது, இருமல் வராது. தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான்.

அவனுடைய பழைய ஜோடி மீசைக்காரர் அப்படித்தான் செத்துப் போனார்.

நான்கு மாதங்களுக்கு முன், இதே டேங்கின் மூன்றாவது அறையில். அன்று வாயில் உட்கார்ந்திருந்தது அவன். காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை ஒரு தட்டுகூட விடாமல் தட்டினான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவர் வெளியே வரவில்லை என்பது உண்மைதான். கையில் எடுத்த வேலையைப் பாதியில் விடாத மனிதர், பல நாள் அப்படிச் செய்திருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் உள்ளே போய் இழுத்தபோது உடம்பு விறைத்திருந்தது. உயிர் போனது காலை பதினொரு மணிக்கு முன்னால் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

பதினொரு மணிக்குப் பிறகு ரிஜிஸ்டரில் முப்பது டிக் இருந்தது.

விசாரணையில் அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். யாரும் நம்பவில்லை. தட்டாமலேயே டிக் போட்டிருக்கிறான் என்றார்கள், தூங்கியிருக்கிறான் என்றார்கள். ஃபோர்மேன்தான் தனியாகக் கூப்பிட்டு, தகடு ஆறும்போது வரும் சத்தத்தைத் தட்டு என்று நினைத்துவிட்டதாக எழுதிக் கொடுத்தால் வேலையாவது மிஞ்சும் என்றார். எழுதிக் கொடுத்தான். ஐந்து மணி நேரம், சொல்லிவைத்தாற்போல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆறும் தகடு உலகத்தில் எங்கும் இல்லை என்று அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மீசைக்காரரின் மனைவி ஒரு நாள் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே அவனுக்காகக் காத்திருந்தார். அழவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"கடைசியா எப்பப்பா தட்டினாரு?"

"நாலு மணிக்கு, அக்கா."

அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, "அப்ப அது யாரு?" என்று தனக்குள் கேட்பது போலக் கேட்டுவிட்டு, பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கம் நடந்து போனார்.

அதன் பிறகு அவனை அரவையில் போட்டுவைத்தார்கள். டேங்க் தார்ப்பாய் போர்த்தியபடி முற்றத்தில் கிடந்தது. விசாரணை முடிந்ததும் தார்ப்பாய் இறங்கியது, அட்டைச் சக்கரத்தில் அவன் பெயரும் மீண்டும் ஏறியது. ஜோடியாக மச்சினன். மனைவிக்கு அதில் பெரிய நிம்மதி. தன் தம்பியே வாசலில் காவலுக்கு இருக்கும்போது என்ன பயம் என்று அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடும்போதெல்லாம் சொன்னாள்.

அந்த வாரம் மச்சினன் முதல் இரண்டு அறைகளை முடித்தான். வாய் வாரம் அவனுக்கு; உட்கார்ந்து தட்டினான். பதிலை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு முறையும் தலையை உள்ளே நுழைத்து, டார்ச் அடித்து, மச்சினனின் பூட்ஸ் அசைகிறதா என்று பார்த்தான். மச்சினன் காலை ஆட்டி, செருப்புக் கடையில் அளவு பார்ப்பது போலப் பாதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவன் கவலைப்படவில்லை. ஆனால் மூன்றாவது அறையை வாயிலிருந்து பார்க்க முடியாது. மீசைக்காரர் பாதியில் விட்ட வெல்டிங் தையல் அங்கேதான் இருந்தது, அடுத்த திங்கள்கிழமை உள் வாரம் அவனுக்கு.

டீ நேரத்தில் காலி டேங்க் பதில் சொன்ன அன்று, அவன் நேராக ஃபோர்மேனிடம் போனான். இன்னும் ஒரு சுற்று அரவையில் இருந்துகொள்கிறேன் என்றான். ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே ஒரு கரும்புள்ளி விழுந்த ஆள், உள்ளே போக மாட்டான் என்று இன்னொன்றும் எழுத வைத்தால் தன்னால் காப்பாற்ற முடியாது என்றார். அதோடு, அவன் போகாவிட்டால் அந்தத் தையலையும் மச்சினன்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

அது போதும். அவன் திரும்பிப் போய் வாயில் உட்கார்ந்தான்.

சனிக்கிழமை டீ நேரத்தில் மச்சினனிடம் எல்லாவற்றையும் சொன்னான். மச்சினன் முதல் முறையாகக் கிண்டல் செய்யாமல் கேட்டான். ரெண்டு தட்டு வந்தால் நம்பாதே, நமக்குள் வேறு கணக்கு வைத்துக்கொள்வோம் என்றான் அவன். முதலில் இரண்டு, கொஞ்சம் விட்டு மூன்று. ஊரில் வேறு யாருக்கும் தெரியக் கூடாது. அப்படி வந்தால் மட்டும் டிக் போடு. வராவிட்டால் விசில்.

"ரெண்டு, அப்புறம் மூணு. அவ்வளவுதானே மாமா? என் கல்யாணத்துல மேளக்காரன் இதைவிடக் கஷ்டமா அடிச்சான், அதையே நான் மறக்கல."

சொல்லிக்கொண்டே, சரியாக வருகிறதா என்று பார்க்க, மச்சினன் பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்துத் தட்டிக் காட்டினான். டக், டக். டக், டக், டக்.

டேங்கின் மேலேயே தட்டினான்.

அவன் பாய்ந்து மச்சினனின் மணிக்கட்டைப் பிடித்தான். தாமதமாகிவிட்டது. தகட்டின் அதிர்வு முதல் அறையைக் கடந்து, இரண்டாவதைக் கடந்து, உள்ளே எங்கேயோ போய் அடங்குவதை இருவரும் கேட்டார்கள். பதில் எதுவும் வரவில்லை. வந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான். பாடம் நடத்தும்போது கவனமாகக் கேட்டுக்கொள்ளும் பிள்ளையைப் போல டேங்க் அமைதியாக இருந்தது.

"வேற கணக்கு வெச்சுக்கலாம் மாப்ள."

"எத்தனை தடவை மாமா மாத்துவீங்க? அப்புறம் எனக்கே குழம்பிடும். நான் குழம்பினாத்தான் ஆபத்து."

அது நியாயமாகவும் இருந்தது.

திங்கள்கிழமை காலை காற்றை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். வெயில் கொட்டகையின் கூரையில் இறங்கியிருந்தது, எங்கோ அரவை மெஷின் அலறிக்கொண்டிருந்தது, யாரோ யாரையோ லாரிச் சாவி கேட்டுக் கத்தினார்கள். இந்தச் சாதாரணச் சத்தங்களை எல்லாம் காதில் நிரப்பிக்கொண்டு அவன் வாய்க்குள் நுழைந்தான். முதல் அறையில் மச்சினனின் வேலை மினுமினுத்தது. இரண்டாவதில் வெளிச்சம் குறைந்து, சூடான தகட்டின் வாடையும் பழைய வியர்வையின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. மூன்றாவது அறையின் ஓட்டைக்குள் முதலில் விளக்கை விட்டான், பிறகு விசிறியின் குழாயை இழுத்துவிட்டான், பிறகு தோளைக் குறுக்கி நெளிந்து தானும் போனான்.

ஒன்றும் இல்லை. வளைந்த சுவர், அடியில் கொஞ்சம் தூசி, கண் மட்டத்தில் மீசைக்காரரின் தையல். மீன் செதில்களை அடுக்கியது போல ஒரே அளவில் வந்த கோடு ஓர் இடத்தில் சாய்ந்து, இழுபட்டு, நின்றிருந்தது. அவன் அந்த இடத்திலிருந்தே தொடங்கினான்.

முதல் தட்டு வந்தது. இரண்டு, மூன்று என்று பதில் கொடுத்தான். வெளியே மச்சினன் அதே மேளத்தை ஒரு முறை திருப்பி வாசித்துக் காட்டினான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பத்து நிமிடமும் அப்படியே. அதற்கடுத்ததும். கை இறுக்கம் தளர்ந்து, கோடு நேராக ஓடத் தொடங்கியது. நான்கு மாதங்களில் முதல் முறையாகத் தன் வேலையை ரசித்துச் செய்தான். எத்தனை நேரம் என்று தெரியவில்லை.

கோடு சாய்ந்தது.

கை நடுங்கியதாக நினைத்து முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். மீசைக்காரரின் கோடு சாய்ந்ததைப் போலவே, அதே கோணத்தில். கண் சொக்கியது. இதமாக இருந்தது. விசிறியின் இரைச்சல் தூரத்தில் கேட்டது. அருகில் கேட்க வேண்டிய இரைச்சல். திரும்பிப் பார்த்தான். குழாய் அறைக்குள் இல்லை. ஓட்டைக்கு அந்தப் பக்கம், இரண்டாவது அறையில், அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

எழ வேண்டும் என்று நினைத்தான். முழங்கால் மடங்கியது. கன்னம் தகட்டில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எல்லாம் தெரிந்தது. சுத்தியல் ஒரு சாண் தூரத்தில் கிடந்தது.

பரவாயில்லை. இப்போது மச்சினன் தட்டுவான். பதில் வராது. விசில் ஊதுவான். மச்சினன் மறக்க மாட்டான். நான்கு பேர் ஓடி வருவார்கள்.

பதில் வராமல் இருந்தால் போதும். அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா கிடந்தால் போதும்.

வெளியே ஒரு தட்டு.

அவன் அசையவில்லை. மனசுக்குள் எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. ஊது மாப்ள.

சுத்தியல் தரையை விட்டு எழுந்தது.

அதைப் பிடித்திருந்தது ஒரு பழைய வெல்டிங் கையுறை. தோல் காய்ந்து, சுருங்கி, விரல் மடிப்புகளில் வெடித்திருந்தது. தினமும் செய்கிற வேலையைச் செய்வது போல, நிதானமாக.

டக், டக்.

ஒரு மூச்சு இடைவெளி.

டக், டக், டக்.

வெளியே மச்சினன் சிரித்திருப்பான். மேளத்தைத் திருப்பி வாசித்தான். பிறகு டிக் போடக் குனிந்திருப்பான்.

அவன் கத்தினான். உதடு பிரியவில்லை.

கையுறை சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. அவன் முகத்துக்கு நேரே, தகட்டுக்கு ஒரு விரல்கடை மேலே, தூக்கியபடி வைத்திருந்தது. அடுத்த பத்து நிமிடத்துக்காக.