பழந்துணி

அடுக்களையில் சர்க்கரை டப்பா மூடாமல் கிடந்தது. அதைச் சீந்தாமல் எறும்புச் சாரி கூடத்தைத் தாண்டி, தையல் அறைக்குள் நுழைந்து, சுவரில் மாட்டியிருந்த துணிப்படத்தின் மேல் ஏறிக்கொண்டிருப்பதை விருத்தாம்பாள் காலையில் பார்த்தாள். ஏறியவை படம் முழுக்கப் பரவவில்லை. சணலை முறுக்கிச் செய்த வேர்களையும் மீன் செதிலைக் கோத்துச் செய்த இலைகளையும் விட்டுவிட்டு, நடுவில் நீலத் துணியால் செய்த தண்ணீரை மட்டும் மொய்த்தன.

"பசைக்கு வந்திருக்கும்" என்றார் அவள் கணவர் சபாபதி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "மைதாவக் காய்ச்சித் தடவினா எறும்பு வராம யானையா வரும்?"

அவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை மலர்க்கொடியைப் பிரசவத்துக்கு அழைத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்தார். தாயில்லாத பெண்ணுக்கு அண்ணன் வீடுதானே தாய்வீடு.

விருத்தாம்பாள் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். மற்ற இடங்களிலெல்லாம் மைதாப் பசைதான். தண்ணீருக்கு மட்டும் அவள் பசையே தொடவில்லை. அலை தெரிய வேண்டுமென்று துணியைத் தொளதொளவென்று விட்டு, ஓரத்தை மட்டும் நூலால் பிடித்திருந்தாள். அவர் போனபிறகு மண்ணெண்ணெயில் நனைத்த கந்தையால் எறும்புகளைத் துடைத்தாள். விரலில் ஈரம் பட்டது. மழைக்கால ஓதம் என்று நினைத்து முகர்ந்தாள். மண்ணெண்ணெய் நெடியையும் மீறி, வெதுவெதுப்பாக, லேசாகப் புளித்து வந்தது அந்த வாசம். இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? தாய்ப்பால்.

பெரியவன் நெய்வேலிக்கு வேலைக்கும், சின்னவன் அண்ணாமலை நகர் ஹாஸ்டலுக்கும் போனபின், பொழுது போகாமல் பிடித்துக்கொண்ட பழக்கம் இந்தத் துணிப்படம். முதுநகரிலிருந்து மீன் கொண்டுவரும் குப்புவிடம் கிழிந்த வலைத் துண்டும் காயவைத்த செதிலும் கேட்டு வாங்குவாள். தையற்கடை வெட்டுத்துணி, ஜிகினா, கிளிஞ்சல், தேங்காய் நார் என்று எதையும் விடமாட்டாள். "நம்ம வூட்டுக்குக் குப்பை வண்டியே வேணாம்" என்று சபாபதி கேலி செய்வார். ஆனால் பிச்சாவரத்தில் தண்ணீருக்குள் நிற்கும் தில்லை மரங்களுக்கு நடுவே படகேறிப் போய்வந்தபின் அவள் செய்த இந்தத் தில்லைக்காட்டுப் படம் கேலிக்கு அடங்கவில்லை. மாதர் சங்கக் கண்காட்சிக்கு வந்த பெண்கள் அந்தத் தண்ணீரின் முன்னால் நின்றுவிட்டு நகர மறந்தார்கள். இந்த நிறத்துணி எந்தக் கடையில் கிடைத்தது என்று கேட்காதவர் இல்லை.

எந்தக் கடையிலும் கிடைக்காது. அது அவள் மாமியார் மங்கலத்தின் நீலக் கைத்தறிப் புடவை. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்பார்கள். புதுசு என்றால் கோடி, அது பிணத்தின் மேல் போடுவது. நல்லபடி வாழ்ந்தவள் உடுத்தி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியில்தான் பிள்ளையை முதலில் ஏந்த வேண்டும். மங்கலம் பெற்றதையெல்லாம் அந்தப் புடவையில்தான் ஏந்தினார்கள். விருத்தாம்பாள் பெற்ற இரண்டையும் அதில்தான். ஒன்றும் தவறியதில்லை. சாகக் கிடந்தபோது மங்கலம் அதை மருமகள் கையில் கொடுத்து, "மலருக்கு ஆவும், பத்திரமா வையி" என்றாள்.

வைத்திருந்தாள்தான். ஆனால் பிச்சாவரத்தின் சாயங்காலத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு வேறு எந்த நீலமும் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. புடவையில் பாதியைக் கத்தரித்தாள். கண்காட்சி முடிந்த கையோடு, அப்போது தலைச்சன் பிள்ளையைச் சுமந்திருந்த மலர்க்கொடிக்கு மாதம் நிறையுமுன் வலி கண்டுவிட்டது. அவளைச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி ரயிலேறி ஓடிவந்து வாசலில் நின்றான்.

"அக்கா, அத்தையோட பொடவய மலரு வாங்கியாரச் சொன்னா."

மீதிப் பாதி பெட்டியில் இருந்தது. ஒரு முழம் கிழித்துக் கொடுத்திருந்தாலும் போதும். கொடுத்தால், வெட்டியது யார் என்று கேள்வி வரும். படத்தைப் பிரி என்பார்கள். "எலி கடிச்சிப் பாழாக்கிடுச்சி தம்பி, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். சொன்னபோது நாக்கு கொஞ்சம்கூடக் கூசவில்லை. இன்றுவரை அவளுக்கு ஆறாதது அதுதான்.

அவசரத்துக்குக் கடையில் வாங்கிய புதுத் துண்டில் பிள்ளையை ஏந்தினார்கள். கஞ்சி மொடமொடப்பு போகாத துண்டு. ஆண் குழந்தை. ஓயாமல் அழுததாம். பேர் வைக்குமுன் அடங்கிவிட்டது. அதே துண்டோடு புதைத்தார்கள். விதி என்றார்கள், குறைமாசம் என்றார்கள், எலியைக்கூடத் திட்டினார்கள். விருத்தாம்பாளை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதிப் புடவையை அவள் வெந்நீர் அடுப்பில் திணித்துக் கொளுத்தினாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் புளுகு இரண்டு வருஷமாக நின்றது. படத்தை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. கூடத்திலிருந்து கழற்றித் தையல் அறையில் மாட்டினாள், அவ்வளவுதான். தன் கை செய்ததிலேயே அதைவிட அழகாக ஒன்றுமில்லை என்ற நினைப்பு இன்னும் அவளுக்குள் இருந்தது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தன்னைத் தானே காறித் துப்ப வேண்டும்போல இருக்கும்.

மலர்க்கொடி வருவதற்குள் படத்தைப் பரணில் போட்டுவிட நினைத்து, நாற்காலியில் ஏறிச் சட்டத்தைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. துணியும் நாரும் நாலு கட்டையும் இவ்வளவு கனக்குமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை தூக்கியபோது, உள்ளே இருந்த கனம் மெல்ல ஒரு பக்கமாக ஒருக்களித்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, வாசற்படியில் வந்து உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் ஜட்கா வந்தது. மலர்க்கொடி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முகம் தெளிந்து, கன்னம் பூரித்திருந்தது. கூடத்துப் பாயில் சாய்ந்து உட்கார்ந்ததும் அண்ணியின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"ரயில்ல வர்ற வழியெல்லாம் ஒதைதான் அண்ணி. பாருங்க, இப்பகூட."

உள்ளங்கையில் ஒரு குதிகால் இடித்துவிட்டு நழுவியது. விருத்தாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும், வடலூர் ஜோதியே என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

"இந்தவாட்டி பழந்துணிக்கு நீங்க அலைய வேணாம். எங்க தெருவுல முத்தம்மாக்கா கிட்டயே வாங்கியாந்துட்டேன், எட்டுப் புள்ள பெத்தவங்க. என்னா, அம்மா பொடவ மாதிரி வராது. எலி தின்னதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க, பாவம்."

குத்திப் பேசவில்லை அவள். நிஜமாகவே பாவப்பட்டாள். விருத்தாம்பாள் வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே, இவர் முன்னாலேயே. அதற்குள் சபாபதி குடையை எடுத்துவிட்டார்.

"நர்ஸம்மா கொளஞ்சியம்மாகிட்ட ஒரு சேதி சொல்லிட்டு வந்துடறேன். கெடிலம் ஆத்துல தண்ணி ஏறுது. அப்பறம் திருப்பாதிரிப்புலியூருக்குப் போக முடியாது."

அவர் போய் வெகுநேரம் ஆகியும் திரும்பவில்லை. மழை வலுத்தது. பொழுது சாயுமுன்பே இருட்டிக்கொண்டு, கரண்டும் போய்விட்டது. விருத்தாம்பாள் சிம்னி விளக்கை ஏற்றிக் கூடத்தில் வைத்தாள். ஓட்டின்மேல் மழை விழுந்த இரைச்சல், தாழ்வாரத்தில் அண்டாவுக்குள் தண்ணீர் கொட்டிய சத்தம், இவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. மத்தியானத்திலிருந்தே இருந்தது. கவனிக்காதவள்போல இருந்துவிட்டாள்.

"பக்கத்து வூட்டுல கைக்கொழந்த இருக்குதா அண்ணி?"

"இல்லியே."

"அழுவுதே." மலர்க்கொடி முந்தானையை விலக்கிப் பார்த்துக்கொண்டாள். ரவிக்கை நனைந்திருந்தது. "அது அழுவ அழுவ எனக்கு மாரு கனக்குது. இன்னும் பெறவே இல்ல, அதுக்குள்ள இந்தக் கூத்தப் பாருங்க."

"பூனை, மலரு. மழைக்குக் கத்துது."

பொய் தயாராக வந்து விழுந்தது, அன்றைக்கு விழுந்த மாதிரியே. மலர்க்கொடி சரி என்று தலையாட்டினாள். ஆனால் பார்வை தையல் அறைக் கதவை விட்டு விலகவில்லை.

அந்த நீலத் துணியை அறுத்தெடுத்துக் கொல்லையில் போட்டுவிட வேண்டியதுதான். மழையோடு மழையாகக் கெடிலத்துக்குப் போகட்டும். விருத்தாம்பாள் கைவிளக்கையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு தையல் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தாள். பால் வாசம் மூச்சை அடைத்தது. அழுகை சுவரிலிருந்து வந்தது. பசித்த அழுகை. குளிரில் விறைத்து, விட்டு விட்டு இழுக்கும் அழுகை.

விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். தில்லை மரங்கள் அப்படியே இருந்தன. தண்ணீர்தான் மாறியிருந்தது. தொளதொளவென்று விட்ட துணியில் இப்போது தொளதொளப்பு இல்லை. நிறைந்திருந்தது. மேலே எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

கத்தரி முனையை ஓரத்து நூலில் வைத்தாள்.

அழுகை நின்றது.

துணிக்குள் ஏதோ புரண்டு படுத்தது. அந்தப் புரளல் அவளுக்குத் தெரியும். இரண்டு முறை தன் வயிற்றுக்குள் அறிந்தது. கத்தரி கைநழுவித் தரையில் விழுந்தது. விளக்கை அங்கேயே வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு அடுக்களைக்கு ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்தாள். நான் செய்த பாவத்துக்கு என்னை எடுத்துக்கொள்ளட்டும், அந்தப் பெண் என்ன செய்தாள் என்று வாய்விட்டு அழுதாள். மலர்க்கொடியின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு இந்த மழையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கூடத்துக்கு வந்தாள்.

பாய் காலியாக இருந்தது.

தையல் அறையில் வெளிச்சம். கதவு முழுக்கத் திறந்திருந்தது. மலர்க்கொடி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் தூக்க முடியாமற்போன சட்டம் அவள் மடியில் கிடந்தது. ஒரு கையால் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மலரு." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எலி இல்ல மலரு. நான்தான். நான்தான் வெட்டினேன். மீதிய எரிச்சதும் நான்தான்."

"ஸ்ஸ்... மெதுவா அண்ணி." மலர்க்கொடி நிமிர்ந்து சிரித்தாள். கோபமே இல்லை. "அம்மா பொடவ, பாருங்க. கெடச்சிடுச்சி. எவ்ளோ நாளா குளுந்து கெடந்தானோ."

ரவிக்கை அவிழ்ந்திருந்தது. நீலத் துணி அவள் மார்போடு ஒட்டியிருந்தது. ஒட்டிய இடம் குழிந்தது. எழும்பியது. குழிந்தது. மழை இரைச்சலில் தெளிவாகக் கேட்டது, சப்பும் சத்தம்.

விருத்தாம்பாள் பாய்ந்துபோய் அவள் வயிற்றில் கை வைத்தாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். அழுத்தினாள். ஒன்றுமில்லை. வயிறு சில்லிட்டிருந்தது.

"மலரு, உள்ள அசையுதாடி? அடிப் பாவி, சொல்லுடி, அசையுதா?"

"இருக்கட்டும் அண்ணி. மூத்தவன் மொதல்ல பசியாறட்டும்."

சட்டத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. துணியைப் பற்றிப் பிய்த்தாள். நூல் ஒன்று அறுந்தது. அறுந்த ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் திறப்பு. கிழித்துவிடலாமென்று அதில் ஆட்காட்டி விரலை நுழைத்தாள்.

உள்ளேயிருந்து ஐந்து சின்னஞ்சிறு விரல்கள் அந்த விரலைச் சுற்றி மூடிக்கொண்டன. ஈரமாக. கதகதப்பாக.

இழுத்தாள். விடவில்லை. சப்பும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.