ஒருமுறை கழுவினால் போதும்

கொல்லையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. விடிகாலை பஜ்ரு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போன ஷிஃபானா, வெயில் சுவரில் ஏறிய பிறகும் உள்ளே வரவில்லை. மேல்தொட்டி காலியாகி, முகமெல்லாம் சோப்பு நுரையோடு அவள் அண்ணன் மஜீது மோட்டாரைப் போடச் சொல்லிக் கத்தினான். தொட்டிலில் கிடந்த அவள் கைக்குழந்தை ஹுஸைஃபா மாமனுக்கு மேலே கத்தினான். மஜீதின் மனைவி மைமூன் அடுப்பில் பொங்கிய பாலைப் பார்ப்பாளா, பிள்ளையைப் பார்ப்பாளா? பால் போனால் போகட்டும் என்று ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். அதுதான் குற்றமாகிப் போனது.

"பெத்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கா, உனக்கு என்ன அவசரம்?" மாமியார் மீராள் கதவை மறித்து நின்றாள். "எந்நேரம் பாத்தாலும் எம் பேரன் உன் இடுப்புல... பிள்ள பெறாதவளுக்கு அடுத்தவ பிள்ள மேல என்ன இம்புட்டு ஆச?"

மைமூன் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளையில்லாத குறையை ஊரார் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இந்த வீட்டுக்குள் இன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். கண் நிறைந்தது. ஆனாலும் பிள்ளையைத் தட்டிக்கொடுத்த கை நிற்கவில்லை.

ஷிஃபானா மஜீதின் ஒரே தங்கை. செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் தென்காசிக்குத் தாய்வீடு வந்தாள். நாற்பதாம் நாள் கழிந்து எவ்வளவோ நாளாகியும் திரும்பிப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுப்பாள்; கொடுத்த கையோடு மதினியிடம் நீட்டிவிட்டுக் குழாயடிக்கு ஓடுவாள். கை, கால், முகம், மறுபடியும் கை. மீராளுக்கு இதில் ஒரே பெருமை. என் மகளைப் போல சுத்தபத்தமானவள் இந்தத் தெருவில் உண்டா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். தோல் உரிந்து சிவந்து கிடந்த அந்தக் கைகளைப் பெற்ற தாய் பார்க்காமலா இருந்தாள்? பார்த்தாள். பார்த்துவிட்டு பக்தி என்று நினைத்துக்கொண்டாள். என்னத்தைச் சொல்ல!

விஷயம் என்னவென்று அந்த வீட்டில் மைமூன் ஒருத்திக்குத்தான் தெரியும். ஞாயிறுதோறும் அவள் பெண்கள் மதரஸாவின் மாடியில் நடக்கும் இஸ்லாமிய மனநல ஆலோசகர் பயிற்சிக்குப் போய்வந்தாள். காலையில் மார்க்கம் படித்த ஆலிமா பாடம் நடத்துவார். மதியத்துக்கு மேல் டாக்டர் சண்முகப்பிரியா வந்து, ஒருவர் பேசும்போது குறுக்கே விழாமல் எப்படிக் கேட்பது என்று பழக்குவார். வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாயே, போய்ப் படி என்று சேர்த்துவிட்டதே மஜீதுதான். மீராளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஊரார் வீட்டு அழுகையைக் கேட்பது ஒரு படிப்பா என்பாள்.

ஒரு மத்தியானம் துணி காயப்போடும்போது ஷிஃபானா மதினியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு கழுவினாலும் கையில அழுக்கு ஒட்டியிருக்குன்னே மனசு சொல்லுது மதினி... இந்தக் கையால தொட்டா பிள்ளைக்கு என்னமும் ஆயிரும்னு பயமா வருது. எனக்குப் பைத்தியமா மதினி?"

மைமூனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாரம்தான் வகுப்பில் இதைப் படித்திருந்தாள். மனசில் ஊசலாடும் இந்தச் சந்தேகத்துக்கு வஸ்வாஸ் என்று பெயர், முறைப்படி கழுவிவிட்டால் அதற்குச் செவி கொடுக்காதே என்றார் ஆலிமா. இது இறைநம்பிக்கையான ஈமான் குறைந்து வருவதல்ல, நோய், குணமாகக்கூடிய நோய் என்றார் டாக்டர். நீ பைத்தியமில்லை என்று நாத்தனாரை அணைத்துக்கொண்டு சொன்னாள் மைமூன். சொந்தக் குடும்பத்துக்கு நாமே ஆலோசகராக இருக்கக் கூடாது என்பது பயிற்சியின் முதல் பாடம். ஆகவே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றாள். ஷிஃபானா நடுங்கிப்போனாள். செங்கோட்டைக்குத் தெரிந்தால் தலாக்குத்தான், உம்மாவுக்குத் தெரிந்தால் அவளே தெருவெல்லாம் அழுது சொல்லிவிடுவாள், யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். மைமூனும் கொடுத்தாள். ஒருவர் நம்பிச் சொன்னது அமானிதம், காக்கச் சொல்லி ஒப்படைத்த பொருள் மாதிரி, உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய அதை வெளியே விடக் கூடாது என்பது இரண்டாவது பாடம். அன்றிலிருந்து நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஷிஃபானா தள்ளிக்கொண்டே வர, பிள்ளை மைமூனின் இடுப்பிலேயே வளர்ந்தது.

இன்றைக்குச் சனிக்கிழமை. சீசன் ஆரம்பித்து சாரல் அடிக்கிறது, குற்றாலத்துக்குப் போவதாக முன்பே பேச்சு. காலைச் சண்டைக்குப் பிறகு மீராள் அந்தப் பேச்சோடு இன்னொன்றையும் சேர்த்தாள்.

"குளிச்சிட்டு வரும்போது உம் பொண்டாட்டிய கடையத்துல அவ உம்மா வீட்டுல எறக்கி விட்ருலே. எம் மவளையும் பேரனையும் பிரிக்கவா இவ இங்கன இருக்கா? அந்தப் படிப்பும் இன்னையோட முடிஞ்சிது."

மஜீது அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். ஷிஃபானா ஏன் பிள்ளையை உன்னிடமே தருகிறாள் என்று கேட்டான். என்னால் சொல்ல முடியாது என்றாள் மைமூன். "எங்கிட்டயுமா?" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்காமல் போனதுதான் அவளை அறுத்தது. சேலைகளைப் பைக்குள் திணிக்கத் திணிக்க மனசு ஒரு நிலையில் இல்லை. சொல்லிவிட்டால் என்ன? ஒரு வார்த்தை போதும், பழி தீர்ந்துவிடும். ஆனால் கொடுத்த வாக்கை நம்பித்தானே ஒருத்தி தூங்குகிறாள்... பையை மூடினாள். அது காரின் பின்சீட்டில் ஏறியது.

ஐந்தருவியில் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. மஜீது ஆண்கள் பக்கம் போய்விட்டான். மீராள் பேரனைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு குடையோடு ஓரமாக உட்கார்ந்தாள். மருமகள் கைக்குக் கொடுக்கவில்லை. ஷிஃபானா அருவிக்குள் போனாள்.

போனவள் வரவில்லை. இரண்டெட்டு வெளியே வருவாள், கையைப் பார்ப்பாள், திரும்பவும் உள்ளே போவாள். வரிசையில் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். பெண் போலீஸ் விசில் ஊதினாள். சுத்தமாகக் குளிக்கிறாள், பொறுங்கள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் மீராள் பெருமையாகச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவளே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மகளின் உதடு கறுத்திருந்தது, உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"ஏட்டி, போதும் வாட்டி!" என்று கத்தினாள்.

"இன்னும் போகல உம்மா... அழுக்கு இன்னும் போகல..."

மீராளின் குடை கைநழுவி விழுந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தவள் எதுவும் ஓடாமல் மருமகளைப் பார்த்தாள். மைமூன் அந்தப் பார்வைக்குக் காத்திருக்கவில்லை. கட்டின சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி நாத்தனாரின் பக்கத்தில் போய் நின்றாள். பிடித்து இழுக்கவில்லை. அருவி இரைச்சலில் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்.

"ஒருமுறை கழுவினா போதும் ஷிஃபானா. நீ கழுவிட்ட. சந்தேகம் உன் கூடவே வெளிய வரும்... வரட்டும். நீ அதுக்குப் பதில் சொல்லாத. எங்கூட நட."

ஷிஃபானா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் நடந்தாள். கரையேறியதும் மீராள் ஆங்காரமாகப் பாய்ந்தது மைமூன் மேல்தான். என்ன சொல்லிக் கெடுத்து வைத்திருக்கிறாய், நல்லாயிருந்த பிள்ளையை என்ன செய்தாய் என்று ஊர் பார்க்கக் கேட்டாள். ஈரம் சொட்ட நின்ற மைமூன் நாத்தனாரின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

ஷிஃபானாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவங்கள எதுக்கு ஏசுதீக உம்மா? மதினி எம் பிள்ளையப் பறிக்கல. நாந்தான் குடுத்தேன்... என் கையால தொடப் பயந்துக்கிட்டுக் குடுத்தேன். நீங்க பக்தின்னு சொன்னது பக்தி இல்ல உம்மா, அது எனக்கு நோக்காடு. மதினிக்கு எல்லாம் தெரியும். நான் வாக்கு வாங்குனேன். அந்த ஒரு வாக்குக்காகத்தான் காலையில இருந்து உங்க ஏச்சையெல்லாம் வாங்கிக்கிட்டு நிக்காங்க. அவங்கள கடையத்துல எறக்குனா நானும் எறங்கிருவேன்."

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. ஷிஃபானாவின் கை அதன் பக்கம் நீண்டது, பாதியில் நின்றது, கண் குழாயைத் தேடியது. மைமூன் குறுக்கே போகாமல் நின்றாள். ஷிஃபானா பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். பிள்ளை முகத்தைத் திருப்பி அவள் மார்பைத் தேடியது.

மீராள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "காலையில நான் சொன்ன சொல்லுக்காவது நீ ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருக்கலாமே... ஏம்மா சொல்லல?" என்றாள்.

"அது என் பேச்சு இல்ல மாமி. ஷிஃபானாவோடது. அவதானே சொல்லணும்."

கார் கிளம்பியது. ஆண்கள் பக்கமிருந்து திரும்பியதுமே மஜீது, தங்கை அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு முடித்திருந்தான். கண்ணாடியில் அடிக்கடி மனைவியைப் பார்த்தான். தென்காசிக்குள் நுழைந்து கடையத்துக்குப் பிரியும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டினான். எந்தப் பக்கம் என்று திரும்பி உம்மாவைப் பார்த்தான்.

மீராள் பின்சீட்டில் மருமகளின் பையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதன் காதை இறுகப் பிடித்தாள்.

"பாடம் எடுக்குத அந்த டாக்டரம்மா எங்கன இருக்காகன்னு உம் பொண்டாட்டிகிட்ட கேளுலே" என்றாள். "நாளைக்கு அவளுக்கு வகுப்பு இருக்கு. இன்னைக்கே போயிருவோம்."

அப்புறம்தான் அவள் உடைந்தாள். ஈரச் சேலையோடு இருந்த மைமூனின் தோளில் முகத்தைப் புதைத்து, சொன்னதையெல்லாம் மறந்துவிடு என்று கேட்டு அழுதாள். மறக்கிறேன் என்று மைமூன் பொய் சொல்லவில்லை. மாமியின் முதுகைத் தடவிக்கொண்டே மஜீதுக்கு வழி சொன்னாள்.