உடைந்த கேமராவின் படம்

மதியம் மோதி நொறுங்கிய கேமராவிலிருந்து சாயங்காலமும் படம் வந்துகொண்டிருந்தது.

பழைய பதிவு ஏதோ ஓடுகிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மதியச் சோதனையில் பாறையில் மோதி, மூக்கிலிருந்த கேமராவோடு சிதறிய சிறு விமானத்தை அவளும் மெக்கானிக்கும் சாக்கில் அள்ளிவந்து பட்டறை மேசைமேல் கொட்டியிருந்தார்கள். பிளந்த தெர்மோகோல் இறக்கைகள், முறிந்த ஒட்டுப்பலகைச் சட்டங்கள், மொபெட்டிலிருந்து கழற்றிப் பொருத்திய இஞ்சின். ராணுவத்துக்கு மலிவாக வேண்டும், நிறைய வேண்டும். ஆளில்லாமல் போய், இலக்கில் மோதிச் சாகப்போகிற விமானத்துக்குச் சக்கரம் எதற்கு என்று கேட்டு, அதையும் வரைபடத்திலிருந்து அழித்தவள் அவள்தான். பெட்ரோல் நாற்றமும் கருகிய பசையின் நெடியும் தகரக் கூரைக்கடியில் தேங்கி நின்றன. சாய்ந்த வெயில் கதவு வழியாக வந்து, மேசைக்கால்களின் நிழலைச் சுவர்வரை இழுத்து வைத்திருந்தது.

பக்கத்துக் கட்டுப்பாட்டுத் திரையில் ஒரு சாலை மெல்ல நகர்ந்தது. அதன் மரங்களின் நிழல்களும் அதே சாயங்கால நீளத்தில் கிடந்தன.

"அண்ணே, இங்க வாங்களேன்."

மெக்கானிக் கைத்துணியோடு வந்து எட்டிப் பார்த்தார். மேசையிலிருந்து கேமராவை எடுத்தார். முட்டை ஓடு மாதிரி நொறுங்கியிருந்த கண்ணாடியைக் கட்டைவிரலால் மூடினார். திரை இருளவில்லை. பேட்டரியையும் பிடுங்கினார். சாலை நகர்ந்துகொண்டே இருந்தது.

"ஊர் சுத்தினது போதும்னு வீட்டுக்குக் கெளம்பிட்டான் போல, உங்க புள்ள" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

தண்ணீர்த் தொட்டி. பள்ளிக்கூடத்து மதில். பெயின்ட் கடை. தினமும் ஸ்கூட்டரில் கடக்கிற வழியை மேலிருந்து பார்த்ததில்லை என்பதால், தெரு முனைக்கு வந்தபிறகுதான் அது தன் வீட்டுக்குப் போகிறது என்று அவளுக்கு விளங்கியது. மகள் பள்ளியிலிருந்து வந்திருப்பாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள். நான்காவது மணியில் மகள் எடுத்தாள்.

"கண்ணு, ஜன்னலையெல்லாம் சாத்திட்டு உள் ரூமுக்குப் போ."

"ஏம்மா? வெளிய ஏதோ சத்தம் கேக்குது. மொபெட் மாதிரி."

போனுக்குள் அந்த இரைச்சல் அவளுக்கும் கேட்டது. அவளுக்குத் தெரியாத இரைச்சலா! மேசையில் இஞ்சின் உடைந்து, எண்ணெய் கசிந்து, அசையாமல் கிடந்தது. மெக்கானிக் அதைவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"அண்ணே, வீட்டுக்கு ஓடுங்க! வண்டிய எடுங்க!"

அவர் ஓடினார்.

திரையில் அவள் வீட்டுக் கூடத்து ஜன்னல். கம்பிகளுக்குப் பின்னால் மகள், காதில் போனோடு. சட்டென்று ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றி, அங்குமிங்கும் தடவி, குழந்தையின் முகத்தைச் சுற்றி நின்றது.

இலக்கைப் பிடித்துவிட்டது. பிடித்தபிறகு யார் உத்தரவையும் கேட்காது. எதிரி குறுக்கிட்டுத் திருப்பிவிடக் கூடாதென்று அவள்தான் அப்படி வடிவமைத்திருந்தாள். ஆனாலும் 'திரும்பு' விசையை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். நகம் பெயர்ந்தது.

"உள்ள போடி! ஓடு!"

"அம்மா..." மகளின் குரலில் பயம் போயிருந்தது. "நீ வந்துட்டியா? அப்புறம் ஏன் போன்ல பேசுற?"

"நான் அங்க இல்லடா. கண்ணு, அது நான் இல்ல."

"வெளியதானே நிக்கிற. எதுக்கும்மா இப்படிச் சிரிக்கிற?"

இரைச்சல் நின்றது.

போனில் மூச்சு. குழந்தையின் மூச்சு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"இரு, கதவத் தொறக்குறேன்."

அவள் கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள். திரையில் வாசற்கதவு திறந்தது. வெள்ளைச் சதுரத்துக்குள் மகள், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அம்மாவைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தாள்.