மரவாளி பிடிப்பவன்

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி வெயில் ஏறும் நேரமாகியும் விலகவில்லை. அங்கே காவல் பார்க்கும் சிங்லியன் பின்கதவைத் திறந்துவிட, முரசடிக்கும் அவள் புருஷன் போகுய் தோளில் மரவாளியோடு உள்ளே வந்தான்.

"உனக்காகத்தான் வந்தேன் புள்ள. இல்லேன்னா இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டேன்."

"வந்ததும் ஆரம்பிக்காதீங்க. நாலு அடி அடிச்சுட்டுப் போயிட்டே இருங்க."

கூடத்தின் நடுவே அந்தப் பழைய வெண்கல முரசு, காதுகளில் கயிறு கட்டி, மரச்சட்டத்தில் பக்கவாட்டில் தொங்கியது. அதன் ஓசையைப் பதிவு செய்ய நகரத்திலிருந்து ஸுன் என்ற பையன் கருவிகளோடு வந்திருந்தான். பார்க்க வருகிறவர்கள் பொத்தானை அமுக்கினால் முரசு ஒலிக்க வேண்டுமாம். என்னென்ன ஆசைகள் பாருங்கள்!

தென்சீனத்தின் இந்த யாவ் மலைகளில் சாவுக்குத்தான் இந்த முரசை எடுப்பார்கள். ஒருவன் முரசின் முகப்பில் அடிப்பான். இன்னொருவன் பின்னால் நின்று, முரசின் திறந்த வாய்க்குள் மரவாளியைத் தள்ளித் தள்ளி இழுப்பான். வாளி இல்லாவிட்டால் வெறும் 'டங்'. வாளி இருந்தால் ஓசை மூச்சுப்போல விம்மித் தணியும். முதல் அடிக்கு முன் முரசின் வாயில் மதுவை ஊற்றி, இறந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் அடித்தால் முரசு தானே சாவுக்கு ஓர் ஆளைத் தேடிக்கொள்ளும். அடிக்கத் தொடங்கிய கை, குழி மூடும்வரை நிற்கக் கூடாது.

"யாரும் சாகலையே அண்ணே, சும்மா அடிங்க" என்றான் ஸுன்.

"சும்மா அடிக்க இது என்ன உங்க வீட்டுத் தகர டப்பாவா?"

போகுய் வழியிலேயே ஒரு யோசனை செய்து வைத்திருந்தான். மூன்று வருஷத்துக்கு முன் கல்குவாரியில் பாறை விழுந்து இறந்துபோன தன் அண்ணன் ஜின்தாங்கின் பெயரைச் சொல்லிவிடுவது. "செத்தவன் இன்னொரு தடவை சாகப் போறதில்ல" என்று பெண்டாட்டியிடம் கண் சிமிட்டினான். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. அண்ணன்தான் காலமெல்லாம் அவனுக்கு வாளி பிடித்தவன். அந்த வாளியே அண்ணனுடையதுதான்.

முதலில் வாளியில்லாமல் பதிவு செய்யலாம் என்றான் ஸுன். வாளியைச் சுவரோரம் சாய்த்தார்கள். போகுய் மதுவை ஊற்றினான். குனிந்து பெயரைச் சொன்னான். கோலை ஓங்கினான்.

டங்.

டங்.

ஊ...ம்ம்.

ஸுன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். "வாளியை யார் பிடிக்கிறது?"

யாருமில்லை.

சுவரோரம் வாளியும் இல்லை.

சிங்லியன் முரசின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மார்பளவு உயரத்தில் வாளி தனியாக அந்தரத்தில் நின்றது. உள்ளே போயிற்று. வெளியே வந்தது. நனைந்த கல்தூளின் வாடை மூக்கில் ஏறியது.

"நிறுத்துங்க!"

"நிறுத்தக் கூடாது புள்ள. குழி மூடணும்..."

சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது. ஜின்தாங்கின் குழியை மூடித்தான் மூன்று வருஷமாயிற்றே. இனி எந்தக் குழியை மூடுவது?

ஸுன் வாசலைப் பார்த்து ஓட்டமெடுத்தான். போகுயின் உள்ளங்கை கிழிந்து கோல் சிவந்தது. அடி நிற்கவில்லை. அவன் சின்னப் பிள்ளைபோல அழுதான். "கை என் பேச்சைக் கேட்கல புள்ள. செத்துருவேன்."

சிங்லியன் பாய்ந்து வாளியைப் பிடித்தாள். மறுபக்கம் ஏதோ இறுக்கிப் பிடித்திருந்தது.

"பெரியத்தான்," என்று கிசுகிசுத்தாள். "விட்டுடுங்க. உங்க தம்பி அவர்."

பிடி மெல்லத் தளர்ந்தது. வாளியோடு முற்றத்துக்கு ஓடினாள். பூப்பாத்தியில் மண்வெட்டியால் வெறிபிடித்தவளாகத் தோண்டினாள். வாளியை உள்ளே போட்டு, "ஜின்தாங், ஜின்தாங்" என்று சொல்லிச் சொல்லி மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து மூடினாள்.

உள்ளே முரசு ஓய்ந்தது.

போகுய் தரையில் கிடந்தான். உயிர் இருந்தது. அதுவே போதும் என்று வீட்டுக்கு அழைத்துப் போய், கைகளுக்குப் பச்சிலை வைத்துக் கட்டினாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக அவள்தான் வந்தாள். பூப்பாத்தியில் குழி திறந்து கிடந்தது. மண் வெளிப்பக்கமாகச் சிதறியிருந்தது.

கூடத்தில் முரசின் வாயை ஒட்டி வாளி நின்றது. அதிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் கைபேசி அடித்தது.

"புள்ள," என்றான் போகுய். குரலில் அப்படியொரு நிம்மதி. "கட்டை அவிழ்த்துட்டேன். வலியே இல்ல. அண்ணன் தனியா நிக்கிறான்ல, பஸ் ஏறிட்டேன்."

"வராதீங்க! இறங்குங்க! ஐயோ, சொன்னா கேளுங்க!"

"இறங்கிட்டேன் புள்ள. இதோ, பின்கதவுகிட்ட வந்துட்டேன்."

முதல் அடிக்காக வாளி மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தது.