மூன்றாம் பங்கு

"யாராச்சும் எத்தன பேருன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"தெரியும் அம்மா."

"தெரியும்னு சொல்லாத. சொல்லிக் காட்டு."

"மூண்டு பேர்."

"ம். அவன விட்டுட்டு எண்ணுன அன்னிக்குத்தான் அவன் செத்தவன், புள்ள. அதுவரைக்கும் இல்ல."

செட்டிகுளத்து பஸ் தரிப்பில் அம்மா தங்கம்மா சொன்ன அந்த வார்த்தைகள், பஸ்சை விட்டு இறங்கிக் கடலைப் பார்த்ததும் சுதாஜினிக்குத் திரும்ப வந்தன. முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு சின்னத் துறை அது. நாலைந்து படகுகள், மீனவர் தங்கும் பனையோலை வாடிகள், காயப்போட்ட வலைகளில் உப்பும் செதிலும் கலந்த வாசம். எல்லாம் இருக்க வேண்டியபடிதான் இருந்தன. அலைகளும் வந்து வந்து மணலில் விழுந்துகொண்டுதான் இருந்தன. ஆனால், சத்தம் இல்லை. பஸ் இரைச்சலில் காது அடைத்திருக்கும் என்று தலையை உதறிக்கொண்டாள்.

அவளுடைய தம்பி மதுசன் இதே கரையில்தான் தொலைந்துபோனான். யுத்தத்தின் கடைசி நாட்களில், பன்னிரண்டு வயதில், தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவேயில்லை. உடலை யாரும் காணவில்லை. அன்று தொடங்கி, முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றபோதும், கோயில் அன்னதானத்திலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், யார் தலை எண்ணினாலும் அம்மா அவனையும் சேர்த்தே சொன்னாள். அவனுக்குத் திவசம் இல்லை, மாலை போட்ட படம் இல்லை. சுதாஜினி கல்யாணமாகிப் போனபோது அந்தக் கணக்கும் சீதனத்தோடு சீதனமாக அவளுடன் போனது.

கணவன் விஜிதரன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். "செய்ய வேண்டியதைச் செய்து அவனை அனுப்பி வைப்பமே, சுதா?" அவள் எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு அவன் கேட்டதில்லை. ஆனால் அதே கேள்வி அவளுடைய தொண்டையிலும் வெகுகாலமாகக் கிடக்கிறது என்பதும், சில நாட்களில் அந்தி மங்கும் மைம்மல் பொழுதில் அது நாக்குவரை வரும்போது அவள் பல்லைக் கடித்து விழுங்கிவிடுகிறாள் என்பதும் அவனுக்குத் தெரியாது.

தம்பி தொலைந்த நாளிலிருந்து அவள் கடல் பக்கமே வந்ததில்லை. சிறுபோக நெல் வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. "கடலைப் பார்த்தால்தான் உம்முடைய பயம் போகும்," என்று சொல்லி அவன்தான் அழைத்து வந்திருந்தான். தங்க வீடு கொடுத்தவர் இராசமலர் அக்கா. அவரின் அண்ணன் சிற்றம்பலம்தான் அந்தக் கரையின் கரைவலைச் சம்மாட்டி; வலையும் படகும் அவருடையவை.

அன்று பின்னேரம் வலை இழுத்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் கயிற்றை ஆட்கள் வரிசையாகப் பிடித்து, பின்புறமாக மணலில் ஏறுவார்கள். மேட்டுக்கு வந்தவர் கையை விட்டுவிட்டு இறங்கிப் போய், அலையோரத்தில் மறுபடி பிடிப்பார். விஜிதரனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பிடித்தான்.

"வயல்காரத் தம்பி, அது எருமை மாட்டுக் கயிறில்லை, ஹேய் எண்டால் வாறதுக்கு!" என்று இராசமலர் அக்கா சிரித்தார்.

"எருமையெண்டால் சொல்லுக் கேட்குமே அக்கா!"

சுதாஜினியும் சிரித்தாள். அவளும் ஒரு கை பிடித்தாள்.

வலையில் மீன் சேரும் மடி கரையேறியதும், கயிறு பிடித்த எல்லோருக்கும் கறிக்கு மீன் கிடைக்கும். கூடையோடு வந்த சிற்றம்பலம் அவளிடம் கேட்டார்.

"எத்தனை பேர் தங்கச்சி நீங்கள்?"

"மூண்டு பேர்."

வாய் தானாகச் சொன்னது. விஜிதரன் அவளைப் பார்த்துவிட்டு, கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மற்ற ஆள் எங்க?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. "தம்பி... பிறகு வருவான்."

அவர் மூன்று பங்காகச் சூடை மீனை அள்ளி வைத்தார். "அப்ப நாளைக்கு அவரைக் கட்டாயம் அனுப்புங்கோ. பங்கு எடுத்தவர் கயிறு பிடிக்க வேணும். இஞ்சத்தை வழமை அப்பிடி."

"சொல்லுறன் ஐயா," என்றாள்.

அன்று இருட்டியதும் கரண்ட் போய்விட்டது. குசினியில் மெழுகுதிரி வெளிச்சத்தில் அவள் மீன் பொரித்தாள். மூன்றாம் பங்கையும் பொரித்து, ஒரு தட்டில் வைத்து மூடினாள். எண்ணெய் வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் வந்தது. நனைந்த சாக்கு, மண், நாட்பட்ட ஈரம். பதுங்குகுழிக்குள் மூச்சடக்கிக் கிடந்த நாட்களின் வாசம். கிணற்றடியில் யாரோ வாளியைக் கல்லில் வைத்த சத்தம் கேட்டது. இராசமலர் அக்காவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்து பார்த்தபோது தட்டில் முள் மட்டும் கிடந்தது. ஒரு துணுக்குச் சதையும் இல்லாமல், நக்கித் துடைத்ததுபோல வெள்ளை வெளேரென்ற முள். மூடி மூடியபடியே இருந்தது.

"நீங்கள் சாப்பிட்டீங்களே?"

"நானோ? இல்லையப்பா."

அப்போது இராசமலர் அக்கா தேத்தண்ணீரோடு வந்தார். மூன்று கிளாஸ்.

"உங்கட தம்பி ராவே வந்திட்டார் போல? கிணத்தடியில கால் கழுவிக்கொண்டு நிண்டவர். கதை குடுத்தன், ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வெட்கமாக்கும்." அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "நான் பெரிய ஆளாக்கும் எண்டு நினைச்சன் பிள்ளை. இது சின்னப் பொடியன்."

சுதாஜினி கிணற்றடிக்கு ஓடினாள். சிமெந்தில் ஈரக்கால் அடையாளங்கள். சின்னக் கால்கள். வெயில் ஏறியும் காயவில்லை. எல்லாம் வீட்டைப் பார்த்தே இருந்தன. திரும்பிப் போனதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அவள் முழங்காலில் விழுந்து அதில் ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஐஸ்போல் குளிர்ந்தது. பயம் வந்தது. அந்தப் பயத்தைத் தள்ளிக்கொண்டு, வெட்கம்கெட்ட ஒரு சந்தோசமும் வந்தது.

"வெளிக்கிடும். இப்பவே போவம்," என்றான் விஜிதரன். பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்திருந்தான்.

"ஒரு பின்னேரம் மட்டும். என்ர ராசா எல்லே. ஒருக்கால் அவனைப் பார்த்திட்டு வாறன்."

"சுதா, வந்தது அவனில்லை."

"அவனில்லையெண்டு நீங்கள் எப்பிடிச் சொல்லுவீங்கள்? அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

அவள் அழுத அழுகையில் அவன் தளர்ந்துபோனான். அவளுடைய கண்ணைத் துடைத்து, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டான். "சரி. எடுத்த பங்குக்கு ஆள் வேணும், அவ்வளவுதானே? அவன்ர பங்கையும் நானே இழுத்துக் குடுக்கிறன். கடன் முடிஞ்சிடும். பிறகு ஒரு நிமிசம் நில்லாமல் போவம்."

சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கிய நேரத்தில் கயிறு கரைக்கு வந்தது. சுதாஜினி மணல் மேட்டில் நின்றாள். ஆட்கள் ஒவ்வொருவராக அவளை நோக்கிப் பின்பக்கமாக ஏறி வந்து, கையை விட்டு, அவளைக் கடந்து இறங்கிப் போனார்கள். வியர்வையும் பீடியும் ஈரக் கயிறும் மணத்தன. இன்றும் அலைகளில் சத்தம் இல்லை. இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஏன் நிறுத்தினோம் என்று அவர்களுக்கே தெரியாததுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வரிசையின் கடைசியில், கயிறு தண்ணீருக்குள் போகும் இடத்தில், குள்ளமாக ஒரு உருவம் நின்றது.

முதலில் அலை என்று நினைத்தாள். அடுத்த தடவை பார்த்தபோது அது இடுப்பளவு தண்ணீரில் நின்றது. அதற்கடுத்த தடவை முழங்கால் அளவில். ஏறிவரும் வரிசையோடு அதுவும் ஏறி வந்தது. மற்றவர்கள் அதைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் போனவர்கள் மட்டும், குளிர் காற்றுப் பட்டதுபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள்.

விஜிதரன் மேட்டுக்கு வந்தான். அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "இன்னும் கொஞ்சம்தான், சுதா."

"போகாதேங்கோ." அவள் முணுமுணுத்தது அவனுக்கு எட்டவில்லை.

அவன் இறங்கிப் போனான். அலையோரத்தில் கயிற்றைப் பிடித்தான். அந்தக் குள்ள உருவத்துக்கு நேர் முன்னால்.

அவனுடைய கைகளின் மேல் இரண்டு சின்னக் கைகள் வந்து மூடின.

கயிறு நின்றது.

பிறகு மறுபக்கம் போகத் தொடங்கியது. கடல் பக்கம்.

"விடுங்கோடா! கயிறை விடுங்கோடா!" சிற்றம்பலம் கத்தினார். உள்ளங்கை தீய்ந்து, ஆட்கள் ஒவ்வொருவராகத் தெறித்து விழுந்தார்கள். ஒருவனைத் தவிர.

"விட ஏலாமல் கிடக்கு! சுதா!"

அவள் ஓடினாள். மணல் காலை விழுங்கியது. விழுந்தாள், எழுந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது அவனைப் பிடித்துவிட்டாள். பின்னாலிருந்து இறுக்கிக் கட்டி, குதிகாலை மணலில் ஊன்றினாள். மணல் கரைந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

அவன் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

மதுசன்.

அதே பன்னிரண்டு வயது. அதே கோடுபோட்ட சேட். முகத்தில் கோபம் இல்லை. சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் பிள்ளையின் முகம். வாய் திறந்திருந்தது. வாய் நிறைய மணல்.

அவனுக்குப் பின்னால், கயிற்றைப் பிடித்தபடி ஒரு பெண். அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருவர். அதற்குப் பின்னால் இன்னும் தலைகள். கழுத்தளவில், கண்ணளவில், பிறகு தண்ணீருக்கு அடியில் மயிர் மட்டும் மிதக்க, இருட்டும் கடலும் ஒன்றாகும் இடம் வரைக்கும். வீடு வீடாக யாரோ இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும் தலைகள். ஒருவரும் கயிற்றை விடவில்லை. ஒருவரும் கண்ணிமைக்கவில்லை. எல்லா முகங்களும் அவளையே பார்த்திருந்தன.

"சுதா," என்றான் விஜிதரன். தண்ணீர் அவனுடைய வாய்க்குள் போனது.

அவள் ஒரு கையை விடுவித்து நீட்டினாள். தம்பியின் கன்னத்தைத் தொட்டாள். அது விரலுக்கு மணலாகவே பட்டது. தொண்டையில் இத்தனை காலமாக அடைத்துக் கிடந்தது, பல்லைப் பிரித்துக்கொண்டு வந்தது.

"தம்பி... நாங்கள் ரெண்டு பேர்தானடா. நீ செத்துப்போ. என்ர குஞ்செல்லே, செத்துப்போடா."