சரி, எடுத்துக்கோங்க

எல்லோரும் நலமா? இந்தப் பருவம் வந்தாலே முதலில் கட்டுவது தொண்டைதான். வெந்நீர் குடிக்கிறீர்களா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறீர்களா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது டிவி கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாதீர்கள் என்றும் சொல்வேன், ஆனால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரித்துவிட்டே படியுங்கள்.

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புவது வேலை. அந்த வாரம் கூட்டம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோபாவில் சாய்ந்தபோது அவள் குரல் அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பது போலிருந்தது. கணவன் சரக்குக் கப்பலில் சமையற்காரன். கப்பல் கரை தொட்டால்தான் அவனுடன் பேச்சு. வீட்டில் அவளும் இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளும் மட்டும்.

மகளுக்கு எல்லோரும் வைத்த பெயர் வாயாடி. வகுப்பு ஆசிரியைகூட வருகைப்பதிவு எடுக்கும்போது ஒருமுறை வாய்தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டார். பல் தேய்க்கும்போது பேசுவாள், தூக்கத்தில் பேசுவாள், சண்டை போட்டுக்கொண்டு "உன்கூடப் பேசமாட்டேன்" என்பதையே கால்மணி நேரம் பேசுவாள். போன வாரம் முன்பல் விழுந்ததிலிருந்து, பேச்சோடு கொஞ்சம் காற்றும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

வெளியே மழை பிடித்திருந்தது. பால்கனித் தகரத்தில் விழுகிற மழைச் சத்தம், குளிர்பெட்டியின் ஓயாத முனகல், மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம், உலராத துணிகளின் ஈரவாடை, எல்லாம் ஒன்றுசேர்ந்து அவள் கண்ணைச் சொருகவைத்தன. டிவியில் பனிக்கடலில் பென்குயின்கள் நடந்துகொண்டிருந்தன. வாயாடி தரையில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு பென்குயினுக்கும் ஒரு சொந்தக்காரர் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தக் குண்டு பென்குயின் பெரியம்மா மாதிரியே நடக்குது பாரேன்!"

"பெரியம்மா காதுல விழட்டும், இருக்கு உனக்கு."

அப்போது படம் நின்றது. பென்குயின் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. அதன் மேல் ஒரு வெள்ளைக் கட்டம். உங்கள் கார்டு காலாவதியாகிவிட்டது, கட்டண விவரங்களைப் புதுப்பிக்கவும் என்று எழுதியிருந்தது.

படம் நின்றதே தவிர சத்தம் நிற்கவில்லை. காற்று வீசிக்கொண்டிருந்தது. பனியில் கால் புதைகிற சரசரப்பு கேட்டது. பென்குயினுடையது போல இல்லை அது. கனமான ஏதோ ஒன்று, மெதுவாக, இந்தப் பக்கமாக நடந்துவருகிற சத்தம்.

"அம்மா, சீக்கிரம் பண்ணுமா!"

அவள் கைப்பையிலிருந்து புதுக் கார்டை எடுத்தாள். ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு எண்ணாக அழுத்துவதற்குள் விரல் நொந்துவிட்டது. கைபேசிக்கு வந்த ரகசிய எண்ணையும் போட்டாள். முடிந்தது என்று நினைத்தபோது இன்னொரு கட்டம் வந்தது.

கடைசியா ஒண்ணு. ரிமோட்ல மைக்கை அமுக்கிக்கிட்டு 'சரி, எடுத்துக்கோங்க'ன்னு சொல்லுங்க.

கம்பெனிக்காரர்கள் இப்படி எழுதுவார்களா என்று ஒரு கணம் யோசித்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்பது மாதிரி அல்லவா இருக்கிறது? ஆனால் இப்போதெல்லாம் எல்லாவற்றிலும் ஏதாவது புதுசு புகுத்துகிறார்கள். ரிமோட்டை வாயருகே வைத்துச் சொன்னாள். குரல் கேட்கவில்லை என்றது திரை. மறுபடி சொன்னாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. குரல் கேட்கவில்லை. சரசரப்பு இன்னும் நெருங்கியிருந்தது.

அங்கேதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். நாமும் செய்திருப்போம். வீட்டில் கணீரென்று ஒரு குரல் இருக்கும்போது வேறு என்ன செய்வது?

"இந்தா, நீ சொல்லுடி."

வாயாடி ரிமோட்டைப் பிடித்து, கல்யாண வீட்டில் மைக் கிடைத்த மாமாவைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ராகம் போட்டுச் சொன்னாள்.

"சரீ... எடுத்துக்கோங்க!"

நன்றி என்றது திரை. சரசரப்பு நின்றது. பென்குயின் தூக்கிய காலைக் கீழே வைத்தது.

அவள் மறுபடி சாய்ந்தாள். வீடு அமைதியாக இருந்தது. மழை பெய்துகொண்டுதான் இருந்தது, குளிர்பெட்டி முனகிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் எதையோ யாரோ தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த இடம் வெறிச்சென்று கிடப்பது போல ஓர் அமைதி. திரும்பிப் பார்த்தாள். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது. சத்தம் மட்டும் இல்லை.

சளியில் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். காது பொட்டென்று திறந்தது. மழை கேட்டது. நாற்காலி கேட்டது. குளியலறைக் குழாயில் சொட்டுகிற தண்ணீர்கூடத் தனித்தனியாகக் கேட்டது. மகள் திரும்பி ஏதோ கேட்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"சத்தமாச் சொல்லுடி."

வாய் இன்னும் அகலத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

"விளையாடாத. அம்மாவுக்கு முடியல."

வாயாடி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் விளையாடவில்லை.

பிறர் வாய்களின் நடுவே வேலை செய்கிறவள் அல்லவா, கைபேசி விளக்கை அடித்து மகளின் வாய்க்குள் பார்த்தாள். நாக்கு இருந்தது. தொண்டை சிவக்கவில்லை, வீக்கம் இல்லை. உள்நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. குழந்தை அலறிக்கொண்டிருக்கிறாள் என்பது அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, தவளை மாதிரி பேசுற?"

"அக்கா, பாப்பாவுக்குப் பேச்சு வரலக்கா. திடீர்னு... ஒரு சத்தமும் வரல."

"யாருக்கு, வாயாடிக்கா? கொழுப்புடி உனக்கு. பின்னால லொடலொடன்னு அவதானே பேசிட்டிருக்கா?"

"அக்கா..."

"அம்மா அம்மான்னு கூப்பிடுறா பாரு. போன வச்சிட்டுப் போய் என்னன்னு கேளு."

மகள் அவள் புடவையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருந்தாள். வாய் மூடியிருந்தது.

குரல் டிவியிலிருந்து வந்தது.

பென்குயின்கள் போய் ஏதோ வெளிநாட்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ரயிலில் ஒரு சிறுமி. பொன்னிறத் தலைமுடி, பச்சைக் கண், முகம் வேறு. ஆனால் பேசிய குரலில் முன்பல் விழுந்த இடத்துக் காற்று இருந்தது. அவள் ரிமோட்டை அழுத்தினாள். வேறு படம். மாடு மேய்க்கிற ஒரு பையன், அதே குரலில் மாட்டை அதட்டினான். மறுபடி அழுத்தினாள். சோப்பு விளம்பரத்துக் குழந்தை, அதே குரல். பேசுகிற பொம்மைக் கரடி, அதே குரல். எல்லோரும் எழுதிக்கொடுத்த வசனத்தைத்தான் பேசினார்கள். கரடி பேசி முடித்து வாயை மூடிக்கொண்டது. குரல் மூடிக்கொள்ளவில்லை.

"அம்மா, இங்க நெறைய பேரு வரிசையா நிக்கிறாங்க. எல்லாரும் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறாங்கம்மா."

அவள் டிவியை அணைத்தாள்.

மழை. குழாய். குளிர்பெட்டி. வாயாடி தொண்டையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். முகம் வெளிறிக்கொண்டு வந்தது. மகளின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். நெஞ்சு ஏறி இறங்கவும் இல்லை. மறுபடி டிவியைப் போட்டாள். நெஞ்சு ஏறியது. மூச்சிரைக்கிற சத்தம் டிவியிலிருந்து வந்தது.

இனி அதை அணைக்க முடியாது.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தாள். ஒரு பாட்டு ஓடி முடிந்ததும் இளைஞன் ஒருவன் எடுத்தான். கனிவான குரல்.

"சொல்லுங்க மேடம்."

"ரத்து பண்ணணும். இப்பவே. எல்லாத்தையும் ரத்து பண்ணணும்."

"கண்டிப்பா மேடம். ஒப்புதல் கொடுத்தவங்க மைக்ல 'வேண்டாம்'னு ஒரு தடவ சொன்னாப் போதும்."

"அவளுக்குப் பேச்சு வரலைங்க! கொழந்தைங்க அவ!"

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"குரல் நல்லாத்தான் இருக்கு மேடம். இப்பகூடப் பயன்பாட்டுல இருக்குன்னு காட்டுது."

"தம்பி, உங்க கால்ல விழறேன். நீங்க ஏதாவது பண்ணுங்க."

"என் கையில ஒண்ணும் இல்ல மேடம்." பிறகு தணிந்த குரலில், "இப்ப நான் பேசுறதும் என்னோடது இல்ல," என்றான். இணைப்பு போய்விட்டது.

ரிமோட்டை மகளின் வாயருகே வைத்தாள். சொல்லு கண்ணு, வேண்டாம்னு சொல்லு. குழந்தை சொன்னாள். மறுபடி மறுபடி சொன்னாள். உதடு அந்தச் சொல்லுக்குக் குவிந்தும் விரிந்தும் ஓய்ந்தது. குரல் கேட்கவில்லை என்றது திரை.

அவளுக்கு ஒன்று தோன்றியது. குரல் அங்கேதானே இருக்கிறது! ரிமோட்டை டிவியின் ஒலிபெருக்கியில் அழுத்திப் பிடித்தாள். கன்னத்தைக் கண்ணாடியில் வைத்தாள். கண்ணாடி சில்லிட்டிருந்தது. ஈரப் பனியின் வாடை வந்தது.

"தங்கம், அம்மா பேசுறேன். கேக்குதா?"

"கேக்குதும்மா."

"வேண்டாம்னு சொல்லுடா. ஒரே ஒரு தடவ. வேண்டாம்."

உள்ளே அமைதி. பிறகு சரசரப்பு. கனமான ஏதோ ஒன்று குழந்தையின் பக்கத்தில் வந்து நின்றது.

"அம்மா, அவங்க சொல்லிக் குடுக்குறததான் சொல்லணுமாம்."

"கண்ணு, வேண்டா..."

"சரீ... எடுத்துக்கோங்க!"

அதே ராகம். அதே காற்று.

நன்றி என்றது திரை.

பின்னால் எதுவும் அசையவில்லை. மெதுவாகத் திரும்பினாள். வாயாடி எழுந்து நின்றிருந்தாள். அழுகை நின்றிருந்தது. கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. டிவியில் செய்தி தொடங்கியது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் வணக்கம் சொன்னார். வாயாடியின் உதடுகள் அசைந்தன.

ஒரு சொல் பிசகவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தினாள். அவர் எச்சில் விழுங்கியபோது விழுங்கினாள். விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்தாள். குழந்தையின் வாய் விரிந்தது. வேறொரு பெண் யார் பெயரையோ சொல்லிக் கதறினாள். குழந்தையின் வாய் கோணியது. ஒரு கிழவர் இருமினார். சின்னத் தோள்கள் குலுங்கின.

கண்கள் மட்டும் அசையாமல் தாயைப் பார்த்தன. அந்தக் கண்கள் மட்டும் குழந்தையுடையவை.

இன்னமும் அந்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எதிரே மகள் நிற்கிறாள், ஓயாமல் வாயசைத்தபடி. தாய் ஒவ்வொரு படமாக மாற்றி மாற்றி அந்தக் குரலைத் தேடுகிறாள். இப்போதெல்லாம் அது அங்கே அகப்படுவதில்லை. வேறு வீடுகளுக்குப் போய்விட்டது போலிருக்கிறது. ஆகவே, உங்கள் வீட்டு டிவியில் ஏதாவது குழந்தை கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் "அம்மா" என்று கூப்பிட்டால், எந்தப் படம், எந்தக் காட்சி என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அவளிடம் சொல்கிறேன். எழுத்தாக மட்டும் அனுப்புங்கள். கூப்பிடுகிறதே, பாவம் குழந்தை என்று, வாயைத் திறந்து "என்னம்மா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.