வேப்பம்பலகைப் பெட்டி

சாவியைக் கழற்றிச் சாரன் மடிப்பில் செருகிய பிறகும் காரின் பின்பக்கம் ஒரு தரம் 'தும்' என்றது.

கச்சிமுகம்மது கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது, கெசட் நாடா நின்றுவிட்டது, அஸர் தொழுதவர்கள் கலைந்துபோய்க் கடற்கரை வீதியில் மழை மட்டும் ஆள்போல நடந்துகொண்டிருந்தது. சூடு ஆறுகிற இரும்பு சுருங்கும் சத்தமும், தென்னோலை நுனியிலிருந்து கார்க்கூரையில் துளி விழும் சத்தமும், மீன்வாடியில் நனைந்துபோன கருவாட்டின் வாடையும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. அதற்குள் மறுபடியும், நிதானமாக, தும்.

பின்னால் தும்மென்ற அந்தப் பாட்டுப்பெட்டியின் புகழைச் சொல்லாமல் மேலே போனால் கல்முனைக்கே கோபம் வரும். சவூதியிலிருந்து அவன் கொண்டுவந்தது பானைமூடி அளவில் ஒரு ஸ்பீக்கரும், அதை முடுக்குகிற பூஸ்டர் ஒன்றும். இரண்டையும் ஒரே மரப்பெட்டிக்குள் பூட்டி, தன் ஹயர் காரின் டிக்கியில் வைத்து முதல்நாள் திருகிவிட்டபோது பாண்டிருப்பில் அடைகாத்த கோழிகள் முட்டையை விட்டு எழும்பி ஓடின. சொறிக்கல்முனையில் கதிர் தானாகவே நெல்லை உதிர்த்தது. சூடடிக்க ஆள் தேவைப்படவில்லை. இறக்காமத்து யானைகள் தங்கள் கூட்டத்தில் ஒன்று தொலைந்துவிட்டதென்று நினைத்துப் பதில் குரல் கொடுத்தன. சாட்சிக்கு ஊரில் பாதிப்பேர் வருவார்கள். மறுபாதிக்கு அன்றோடு காது போய்விட்டது.

ஆனால் அவன் பெட்டி கட்டியது ஊருக்காக அல்ல, செத்துப்போன மனைவி ஸுல்பிகாவின் குரலுக்காக. அவன் சவூதியில் இருந்தபோது அவள் கடிதம் எழுதமாட்டாள். கெசட்டில் கதைத்து, லீவில் வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். அவனோடு ஒரே அறையில் கிடந்தவர்கள் அவற்றின் மேலெல்லாம் பாட்டுப் பதிந்து அழித்துவிட, மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதிலும் பெரிய விசேஷமில்லை. ஆடு குட்டி போட்டது, அடுத்த வளவு றாபியா வேலியை ஒரு முழம் இங்கால தள்ளிப் போட்டது, அவன் தலைக்கு எண்ணெய் வைக்கிறானா இல்லையா. அவள் மவுத்தான செய்தி அவனுக்கு எட்டும்போது அடக்கம் முடிந்திருந்தது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

சின்ன றேடியோவில் அந்தக் கெசட்டைப் போட்டால் காதுக்குள் நுளம்பு ரீங்காரமிடுவதுபோல இருந்தது. அவளுடையது நெஞ்சுக்கூட்டிலிருந்து வருகிற கட்டைக்குரல். பெட்டிக்குள்ளால் வந்தபோதுதான் அவள் பின் சீற்றில் உட்கார்ந்து கதைப்பதுபோல வந்தாள். இப்போது அந்தக் குரலின் மேலேயே பெட்டி தும் தும்மென்று அடித்தது. திருத்திப் பார்க்க ஒவ்வொரு தடவை போடும்போதும் நாடா தேய்ந்து அவள் சிரிப்பு மங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அவள் இரண்டாந்தரமும் மவுத்தாகிவிடுவாள்.

மழை ஓய்ந்த இடைவெளியில் போய்ப் பாண்டிருப்பில் றேடியோ திருத்துகிற பாஸ் புண்ணியமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூர்த்தி டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, எர்த் வயர் பூட்டின இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி இரும்பு பளிச்சிடப் பூட்டினான். கள்ளனைப் பிடிச்சாச்சு என்றான். தும். பாட்டு வருகிற வயரையும் பற்றரி வயரையும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டு, இவன்தான் கள்ளன் என்றான். தும். பியூசைப் பிடுங்கினான். பற்றரியையே தூக்கி மணலில் வைத்தான். கடைசியில் ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் கழற்றித் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

மீற்றர் முள் அசையவில்லை. பெட்டி அசைந்தது.

"காக்கா, கரண்ட் இல்லாம அடிக்கிற பெட்டிக்கு நான் வைத்தியம் படிக்கல்ல. நீங்க ஓதிப்பார்க்க லெப்பையைக் கூப்பிடுங்க" என்று மூர்த்தி சிரித்தான். சிரிப்புப் பாதியில் நின்றுவிட்டது. சாமான்களை ஈரத்தோடேயே பையில் கொட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்த மிதியில் அவன் பாண்டிருப்பையும் தாண்டித்தான் பிரேக் பிடித்திருப்பான்.

அப்படியென்றால் பிழை மரத்தில்தான். மழைக்கு ஊதிப் பலகை தெறிக்கிறது. கச்சிமுகம்மது அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டு, பெட்டி செய்த மீராமுகைதீனுக்கு ஆளனுப்பினான். மீராமுகைதீன் ஸுல்பிகாவின் கூடப்பிறந்த ஒரே நானா, தச்சு வேலை. மஃரிபு வாங்கு சொல்லி முடிகிற நேரத்தில் குடையோடு வந்தான். பலகை தெறிக்குதா பாருங்க மச்சான் என்று கச்சிமுகம்மது கேட்டதும், நோயாளிக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

உடனே கையை எடுத்துவிட்டான்.

இருட்டிக்கொண்டு வந்தது. கடல் இரைந்தது. என்ன மரம் இது என்று கச்சிமுகம்மது கேட்டான். மீராமுகைதீன் மெல்ல மெல்லச் சொன்னான். தங்கச்சியின் கபுறுக் குழிக்குள் மையத்துக்கு மேலால் அடுக்குகிற பலகைக்கு அவளுடைய வளவு வேம்பைத்தான் தறித்தது. அந்த மரத்தில் பலகை மிஞ்சிவிட்டது. மிஞ்சினதை அடுத்த மையத்துக்கென்று பள்ளிவாசலில் விட்டுவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவரப்படாது. அவன் கொண்டுவந்தான்.

"அவட மரம், அவட குரல் இதில நல்லாக் கேக்கும் எண்டு நினைச்சன் மச்சான்."

கச்சிமுகம்மது கோபப்படவில்லை. அவன் கேட்டிருந்தாலும் அந்தப் பலகையைத்தான் கேட்டிருப்பான்.

"அண்டைக்குப் பலகை வெச்சி மண் தள்ளக்குள்ள ஒரு சத்தம் கேட்டுது" என்றான் மீராமுகைதீன். "இடி எண்டு நினைச்சம். மழை வருகுதெண்டு எல்லாரும் கெதியா மூடினம்."

"என்ன மாதிரிச் சத்தம்?"

மீராமுகைதீன் வாயைத் திறந்தான். பதிலைப் பெட்டி சொன்னது.

குடை மணலில் கவிழ்ந்து கிடந்தது. மீராமுகைதீன் வேலியில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, தங்கச்சியின் கபுறு இருக்கிற மையவாடிப் பக்கம் ஓடினான். மழைக்குள் கொஞ்சத்தூரம் வெள்ளைச் சட்டை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

கச்சிமுகம்மது பெட்டியருகிலேயே நின்றான். டோச் லைற்றை அடித்தான். ஸ்பீக்கரின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒன்று டிக்கிக்குள் விழுந்து உருண்டது. ஸ்பீக்கரைத் தூக்கினான். முதலில் வேம்பின் கசப்பு வாசம். பிறகு மையத்துக்குப் பூசுகிற கற்பூரம். பிறகு பன்னீர். பிறகு ஈரமண்.

உள்ளே ஒன்றுமில்லை.

வெறும் பெட்டி. பூஸ்டர். பலகை.

தும்.

பலகையிலிருந்து தூள் உதிர்ந்தது.

அவன் விரல் மொளியை மடக்கினான். ஒரே ஒரு தரம், மெதுவாக, திருப்பித் தட்டினான்.

அடி நின்றது.

மழையும் நின்றதுபோல இருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பதுபோல.

"ஸுல்பி" என்றான். தொண்டைக்குள்தான் சொன்னான். "நான் வந்திட்டன் புள்ள."

பிறாண்டல் தொடங்கியது. ஒரு பலகையில் அல்ல. எல்லாப் பலகையிலும். அவசரம் அவசரமாக. கேட்டுவிட்டது என்று தெரிந்துகொண்ட அவசரம். மரத்தில் கோடு விழுந்தது. கோட்டின்மேல் கோடு. சீவல் சுருண்டு சுருண்டு தானாக எழும்பியது. அவன் பலகையோடு கன்னத்தை வைத்து அழுத்தினான். சூடாக இருந்தது.

டோச் மங்கியது. அந்த மங்கலில் பார்த்தான்.

உட்பலகையைத் துளைத்துக்கொண்டு நகங்கள் முளைத்து வந்தன. நாற்றைப்போல. ஐந்து. அவன் முகத்தைத் தேடி மெல்ல மெல்ல வளைந்தன. நுனியில் மட்டும் மருதோன்றிச் சிவப்பு. மிச்சமெல்லாம் வெள்ளை. அடக்கிய நாளிலிருந்து இன்றுவரை வளர்ந்த நீளம்.